யாராண்ட பேசுறா?
அழியும் மொழிகளும் வேடிக்கை பார்க்கும் நாமும்

எங்க அத்தைக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. சுற்றுவட்டாரத்துச் சேரிகளில் எங்கே சாவு விழுந்தாலும் ஒப்பாரி வைக்க அத்தையைத்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கிழவி பாடுகிற பதிவு. அந்தமானில் போ என்கிற மொழியைப் பேசிய கடைசி மனுஷி. போவா சீனியர் என்று பேர். 2010 ஜனவரி 26ஆம் தேதி போர்ட்பிளேரில் இறந்துபோனார். வயது 85 வாக்கில். அவர் செத்த பிறகுதான் அந்தக் குரல் உலகம் முழுக்கச் சுற்றியது. இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அத்தை எட்டிப் பார்த்தது. ஒரு வார்த்தை புரியவில்லை என்றாலும் கடைசிவரை கேட்டது. பிறகு கேட்டது: "யாராண்ட பேசுறா மருமவனே இந்தம்மா?"

"யாராண்டயும் இல்ல அத்தே. அந்தப் பாஷை தெரிஞ்ச வேற ஆளே கெடையாது. இவங்கதான் கடைசி."

"அப்ப எதுக்குப் பாடச் சொன்னாங்க?"

"பதிவு பண்ணி வைக்கத்தான்."

அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. "என்னையும் அப்பிடித்தாண்டா பாடச் சொன்னாங்க" என்றது.

நடந்தது இதுதான். சில வருஷத்துக்கு முன்னால் வெளியூரிலிருந்து ரெண்டு பேர் வந்தார்கள். படித்தவர்கள், நல்லவர்கள்தான். ஒப்பாரி பாடச் சொன்னார்கள். பொணம் இல்லாமல் எப்படிடா அழுவது என்று அத்தை மறுத்தது. சும்மா பாடுங்கம்மா என்று கெஞ்சினார்கள். செத்துப்போன தன் தம்பியை, அதாவது எங்கப்பாவை, நினைத்துக்கொண்டு அத்தை பாடியது. நூறு ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார்கள். பாடியது என்ன ஆச்சு என்று யாரும் வந்து சொல்லவில்லை. போன வருஷம் அது என் செல்போனுக்கே வந்து சேர்ந்தது. மேலே தலைப்பு: 'அழிந்துவரும் ஒப்பாரி – கடைசிக் குரல்'. நானும் பெருமையாக நாலு பேருக்கு அனுப்பினேன். அத்தையிடமும் காட்டினேன். தலைப்பைப் படிக்கச் சொல்லிக் கேட்ட அத்தை சொன்னது: "கடைசியா? நான் இன்னா செத்தாப் பூட்டேன்? என் பேத்தி நல்லா வைப்பாளேடா."

இந்த இரண்டு கேள்விகளையும் தூக்கிப் போட என்னால் முடியவில்லை. யாரிடம் பேசுகிறாள்? உயிரோடு இருப்பவரைக் கடைசி என்று எழுத நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? ஒப்பாரி ஒரு மொழி அல்ல, எனக்குத் தெரியும். ஆனால் ஆதிக்குடிகளின் மொழிகளை முகநூலும் யூடியூபும் வாட்ஸப்பும் காட்டுகிற விதத்தை யோசிக்கப் போனால், இந்த இரண்டு கேள்வியும்தான் வழியில் வந்து நிற்கின்றன.

*

முதலில் ஒரு இலக்கண விஷயம். 'மொழி இறந்தது' என்கிறோம். 'அழிந்துவரும் மொழி' என்கிறோம். பழம் பழுத்தது, இலை உதிர்ந்தது என்பது மாதிரி, தானாக நடந்தது போலச் சொல்கிறோம். செய்தவன் யார் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. கீழவெண்மணியில் 44 பேர் 'இறந்தார்கள்' என்று எழுதினால் நாம் சும்மா இருப்போமா? எரித்தார்கள் என்று எழுது என்போம். மொழி விஷயத்தில் மட்டும் ஏன் சும்மா இருக்கிறோம்?

போ மொழிக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். 1858இல் வெள்ளைக்காரர்கள் அந்தமானில் கைதிகள் குடியிருப்பை உண்டாக்கினார்கள். அப்போது பெரிய அந்தமானியர் என்று இன்று அழைக்கப்படும் மக்கள் ஏறக்குறைய 5,000 பேர் இருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். பத்துக் குழுக்கள், பத்து மொழிகள். போ அதில் ஒன்று. 1859இல் அபர்டீன் என்கிற இடத்தில் வில்லும் அம்புமாக வெள்ளையனை எதிர்த்தார்கள். துப்பாக்கி ஜெயித்தது. பிறகு 'அந்தமான் இல்லம்' என்று கட்டி அவர்களைப் பிடித்துவைத்து 'நாகரிகம்' கற்றுக்கொடுத்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகள் பிழைக்கவில்லை. மேகநோய் வந்தது. 1877இல் அம்மை வந்து கொத்துக் கொத்தாகக் கொண்டுபோனது. 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961இல் 19 பேர். சுதந்திர இந்தியா 1970 வாக்கில் மிச்சமிருந்தவர்களைத் திரட்டி ஸ்ட்ரெயிட் தீவு என்கிற சின்னத் தீவில் குடிவைத்தது. ஆளுக்கொரு மொழிக்காரர்கள் ஒரே இடத்தில். பொதுவாகப் பேச ஒரு கலப்பு மொழி. ஆபீஸிலும் பள்ளிக்கூடத்திலும் இந்தி. பிள்ளைகள் எதைப் பேசுவார்கள்?

போவா தன் பெற்றோர் இறந்தபிறகு பல பத்தாண்டுகள் தன் மொழியில் பேச ஆளில்லாமலே வாழ்ந்தார். மற்றவர்களோடு பேச அந்தமான் இந்தியைக் கற்றுக்கொண்டார். அவரோடு 2005 முதல் பழகிய மொழியியலாளர் அன்விதா அப்பி, அவர் பறவைகளோடு பேசுவார் என்று எழுதியிருக்கிறார். 2004 சுனாமியில் தப்பியவர் அவர். அவருக்குச் சில மாதம் முன்னால், 2009 நவம்பரில், கோரா மொழியின் கடைசிப் பேச்சாளர் இறந்தார். 2020 ஏப்ரலில் சாரே மொழியின் கடைசிப் பேச்சாளரான லிச்சோ இறந்தார். அது கொரோனா ஊரடங்குக் காலம். உலகம் தன் சாவைப் பற்றிய பயத்தில் இருந்ததால் இந்தச் சாவு அவ்வளவாகச் சுற்றவில்லை.

இவ்வளவும் நடந்திருக்கிறது. நம் கைக்கு வருகிற ஒரு நிமிஷ வீடியோவில் துப்பாக்கி இல்லை, இல்லம் இல்லை, அம்மை இல்லை, இந்திப் பள்ளிக்கூடம் இல்லை. சுருக்கம் விழுந்த ஒரு முகம், புரியாத ஒரு பாட்டு, கீழே அழுகிற பொம்மை. 'ஒரு மொழி இன்று உறங்கிவிட்டது' என்று ஒரு வரி. கொன்ற கையை அழித்துவிட்டுப் பிணத்தை மட்டும் காட்டுவதற்குப் பேர் துக்கமா? நாம் விடுகிற கண்ணீர் உண்மையாகவே இருக்கலாம். நான் விட்டதும் உண்மைதான். ஆனால் அந்தக் கண்ணீர் யாரையும் எதற்கும் பொறுப்பாக்கவில்லை. அழுது முடித்து அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறோம்.

*

இதெல்லாம் புதுசா? புதுசில்லை. 1858 ஜனவரியில், குடியிருப்புக்கு இடம்பார்க்கப் போன கப்பல் ஒரு அந்தமானிய இளைஞரைப் பிடித்துக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தது. அவருக்கு 'ஜாக்' என்று பேர் வைத்தார்கள். சட்டை மாட்டிவிட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். பார்க்கக் கூட்டம் கூடியது. நோயில் விழுந்ததும் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். அவருடைய பேச்சு கல்கத்தாவில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள அந்தக் கூட்டம் வரவும் இல்லை. பார்க்க வந்தது. 1890களில் போர்ட்மேன் என்கிற வெள்ளை அதிகாரி அந்தமானியரை வரிசையாக நிறுத்தி, அளவெடுத்து, நூற்றுக்கணக்கில் போட்டோ எடுத்து லண்டன் மியூசியத்துக்கு அனுப்பினான். அந்த முகங்களும் இப்போது செல்போனில் கிடைக்கின்றன, 'அரிய புகைப்படங்கள்' என்ற பெயரில்.

2012 ஜனவரியில் ஜாரவா பெண்கள் சுற்றுலாப் பயணிகளுக்கு முன்னால் ஆடவைக்கப்பட்ட வீடியோ வெளிவந்தது. தின்பண்டத்தைக் காட்டி ஆடச் சொல்லியிருக்கிறார்கள். ஊரே கொதித்தது, சட்டம் கடுமையாக்கப்பட்டது. ஆனால் கொதித்தவர்களும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் கொதித்தார்கள். 2017இல் தேசியப் பழங்குடியினர் ஆணையம் ஜாரவா வீடியோக்களை யூடியூபிலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டிய நிலைமை இருந்தது. 2025 மார்ச்சில் அமெரிக்காவிலிருந்து ஒரு இளைஞன் கேமராவோடு வடசென்டினல் தீவுக்கே போய், கரையில் தேங்காயும் கோலா டப்பாவும் வைத்துவிட்டு வந்து கைதானான். சென்டினல் மக்களின் மொழி வெளியில் ஒருத்தருக்கும் தெரியாது. அவர்களுக்குத் தெரியும். அது போதாதா? போதாது என்கிறது நம் ஆசை.

இந்த வேடிக்கையை நாம் வெளியே நின்று பேச வேண்டியதில்லை. பார்க்கப்படுவது என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். நம் பறையை மேடையில் ஏற்றிக் கைதட்டிவிட்டு, அதே ஊரில் சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று சொன்னவனை அடித்தவர்களைப் பார்த்திருக்கிறோம். நம் பாட்டைத் 'தொன்மை' என்று தூக்கிவைத்து, பாடினவர்களைத் தெருவுக்கு வெளியே வைத்தவர்களைப் பார்த்திருக்கிறோம். கலையை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடுவதும், குரலை எடுத்துக்கொண்டு சொல்வதைக் கேட்காமல் விடுவதும் ஒன்றுதான். வீடியோவுக்குப் பார்வை கூடக்கூட விளம்பரக் காசு போட்டவனுக்குப் போகிறது, கம்பெனிக்குப் போகிறது. பாடின கிழவிக்குப் போகிறதில்லை. கூலி இல்லாத வேலை என்பது நமக்குப் பரிச்சயமானதுதானே.

*

இன்னொரு விஷயம் இருக்கிறது. இதைப் பேசினால் நம்மிலேயே சிலருக்குக் கோபம் வரும்.

போவா இறந்தபோது செய்திகள் எல்லாம் 65,000 வருஷத் தொடர்பு அறுந்தது என்றே எழுதின. அந்த மக்களின் முன்னோர்கள் அவ்வளவு காலத்துக்கு முன்பே அங்கே வந்திருக்கலாம் என்பது வேறு. மொழியை அப்படிச் சொல்ல முடியாது. எந்த மொழியும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. போவா பேசியது 20ஆம் நூற்றாண்டில் ஒரு குழந்தை தன் அம்மாவிடம் கற்ற மொழி. அதைக் கற்காலத்துக்குத் தள்ளினால் ஒரு வசதி இருக்கிறது. கற்காலத்துக்கு ரேஷன் கார்டு வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம், பள்ளிக்கூடத்தில் அதன் மொழியில் வாத்தியார் வேண்டாம். மியூசியம் போதும்.

இந்தத் தொன்மை வியாபாரம் தமிழர்களுக்கு ரொம்பப் பிடித்தது. உலகின் மூத்த மொழி எது என்று பட்டியல் போட்டு அனுப்பாத தமிழ் வாட்ஸப் குழு உண்டா? இன்னொரு பக்கம் அதே குழுக்களில், தமிழ் சீக்கிரம் அழிந்துவிடும் என்று யுனெஸ்கோ சொன்னதாக ஒரு வதந்தியும் வருஷா வருஷம் வருகிறது. அழியும் ஆபத்தில் இருக்கும் மொழிகளுக்கு யுனெஸ்கோ போட்ட வரைபட நூலில் தமிழ் இல்லை. இந்தியாவிலிருந்து ஏறக்குறைய 200 மொழிகள் அதில் இருக்கின்றன. தமிழ்நாட்டுக்குள்ளேயே, நீலகிரியில் பேசப்படுகிற தோடா இருக்கிறது, கோத்தா இருக்கிறது. கோடிக்கணக்கான பேர் பேசுகிற, அரசும் சினிமாவும் டிவியும் வைத்திருக்கிற மொழிக்காக அழுகிற நாம், அந்தப் பட்டியலில் உண்மையாகவே இருக்கிற பக்கத்து வீட்டுக்காரனைப் பார்ப்பதில்லை. தோடர் மொத்தமே ஏறக்குறைய 2,000 பேர். 1971க்குப் பிறகு 10,000 பேருக்குக் குறைவானவர்கள் பேசும் மொழிகளைச் சென்சஸ் தனியாகப் பேர் சொல்லி வெளியிடுவதில்லை. 'மற்றவை' என்ற ஒரே கட்டத்தில் போட்டுவிடுகிறது. அரசாங்கத்தின் கணக்கில் தோடர் பேச்சுக்குப் பேரே இல்லை. ஊட்டிக்குப் போனவன் எடுத்துப் போடுகிற போட்டோவில் மட்டும் தோடர் இருக்கிறார்கள், போர்வையும் வளைந்த குடிசையுமாக. அந்தக் குடிசைக்குள் என்ன பேசுகிறார்கள் என்பது போட்டோவில் விழாது.

தோடாவில் உள்ள உரசொலிகளைத் தமிழ் எழுத்தில் எழுத வராது. இருளர் பேசுவதை இன்னும் 'கொச்சைத் தமிழ்' என்று சொல்கிற வாத்தியார்கள் இருக்கிறார்கள். 'இழிசனர் வழக்கு' என்று நம் பேச்சுக்கு ஒரு காலத்தில் பேர் வைத்தார்களே, அந்த வாய்தான் இது. இந்தியை எதிர்க்கிறபோது நாம் சொன்னது எல்லாம் நியாயம். அந்த நியாயத்தை ஒரு தோடர் பிள்ளை நம் தமிழ்வழிப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துத் திருப்பிச் சொன்னால் நமக்குக் காது கேட்குமா?

கோபம் வரும் என்று சொன்னது இதற்கும் மேலே. இலங்கை மலையகத்திலிருந்து துரத்தப்பட்ட நம் மக்கள், பெரும்பாலும் தலித்துகள், சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தப்படி கப்பலேறி வந்தார்கள். அவர்களுக்குப் பிழைப்புக் கொடுக்க 1968இலிருந்து நீலகிரிக் காட்டை அழித்து அரசுத் தேயிலைத் தோட்டங்கள் போட்டார்கள். வேறு சில குடும்பங்களை நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். அது நிக்கோபாரிகளின் மண். நம் ஜனங்கள் பறிக்கப் போகவில்லை, நட்டுவைக்கப்பட்டார்கள். ரெண்டு தேசமும் கை கழுவிய கூலிகளை ஆதிவாசி நிலத்தில் கொண்டுபோய் இறக்கியது அரசாங்கம். பண்ணையார் நிலத்தில் ஒரு சென்ட் எடுத்து அவர்களுக்குக் கொடுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். காடு போனால் காட்டைச் சொல்லும் வார்த்தை போகும். தேன் எடுக்கப் போகாதவன் பிள்ளைக்கு எத்தனை வகைத் தேனீ என்று சொல்லித்தர வேலை இருக்காது. அந்தக் காடு போனதில் நம் பசிக்கும் ஒரு பங்கு உண்டு. இதை ஒத்துக்கொள்வதால் நாம் ஆதிக்கக்காரன் ஆகிவிட மாட்டோம். ஒத்துக்கொள்ளாமல் அவர்கள் பாட்டுக்கு லைக் போடுவதுதான் அசிங்கம்.

*

அப்படியானால் பதிவே கூடாதா, வீடியோவே கூடாதா என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. எளிதாகப் பதில் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் வாம்பனோவாக் மக்களின் மொழியைச் சுமார் 150 வருஷமாக யாரும் பேசவில்லை. 1993இல் ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட் என்கிற அந்த இனத்துப் பெண்மணி அதை மீட்கக் கிளம்பினார். மொழியியல் படித்தார். அவருக்குக் கைகொடுத்தது எது தெரியுமா? 1663இல் ஒரு பாதிரியார், அந்த மக்களை மதம் மாற்ற அவர்கள் மொழியில் அச்சடித்த பைபிள். நிலத்தை எழுதி வாங்கிய பத்திரங்கள். அதாவது, அவர்களை அடக்க எழுதப்பட்ட காகிதங்கள். அவற்றிலிருந்தே மொழியை எடுத்து அவர் தன் மகளை அதிலேயே பேசி வளர்த்தார். ஏழு தலைமுறைக்குப் பிறகு அதைத் தாய்மொழியாகப் பேசிய முதல் பிள்ளை அவள். எடுத்தவன் எந்த நோக்கத்தில் எடுத்தாலும் பதிவு பேரனுக்குப் பேத்திக்கு ஆயுதமாகலாம். ஆகவே பதிவைக் கொளுத்து என்று நான் சொல்ல மாட்டேன். அன்விதா அப்பி போவாவிடமும் மற்றவர்களிடமும் கேட்டு உண்டாக்கிய அகராதியும் இலக்கணமும் நாளைக்கு ஸ்ட்ரெயிட் தீவுப் பிள்ளை ஒன்றுக்கு வேண்டியிருக்கும். அந்தப் பிள்ளை கைக்கு அது போகுமா என்பதுதான் நம் கேள்வியாக இருக்க வேண்டும்.

தென் அமெரிக்காவின் கடைக்கோடியில், சிலி நாட்டில், யாகன் மொழி பேசிய கிறிஸ்டினா கால்டெரோன் 2022 பிப்ரவரியில் இறந்தார். உலகமெல்லாம் அதே தலைப்பு: கடைசிப் பேச்சாளர் மரணம். அப்போது சிலிக்குப் புதிய அரசியல் சட்டம் எழுதும் சபை ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதில் யாகன் மக்களின் பிரதிநிதியாக உட்கார்ந்திருந்தவர் அவருடைய மகள் லிதியா. அதே ட்விட்டரில் மகள் எழுதினார்: அம்மாவோடு போனது பெரிய அறிவு, ஆனால் மொழியை மீட்கும் வழி இன்னும் திறந்தே இருக்கிறது என்ற பொருளில். அதே நாள், அதே ஊடகம். மற்றவர்கள் மூடியதை மகள் திறந்துவைத்தார். மற்றவர்கள் கிழவியைப் பற்றி உலகத்திடம் பேசினார்கள். மகள் தன் மக்களைப் பற்றிப் பேசினார்.

நம் நாட்டிலேயே சந்தாலி இருக்கிறது. 70 லட்சத்துக்கு மேல் பேசுகிறார்கள், அது அழியும் மொழி அல்ல. ஆனால் ஆதிவாசி மொழி என்று ஒதுக்கப்பட்ட மொழிதான். ரகுநாத் முர்மு 1925இல் அதற்கென்று ஒல் சிக்கி எழுத்தை உண்டாக்கினார். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2003இல் எட்டாவது அட்டவணையில் ஏறியது. 2008இல் அந்த எழுத்து கம்ப்யூட்டர்களுக்கான யூனிகோடில் ஏறியது. 2018இல் சந்தாலி விக்கிபீடியா வந்தது. இன்றைக்குச் சந்தாலிப் பையன் செல்போனில் தன் எழுத்தில் தன் காதலியிடம் சண்டை போடலாம். அதற்கு நம் கண்ணீர் தேவைப்படவில்லை. எழுத்து, பள்ளிக்கூடம், சட்டத்தில் இடம், இதையெல்லாம் கேட்டு வாங்கிய அரசியல், இவைதான் தேவைப்பட்டன. அவர்கள் போடுகிற வீடியோவில் சமையல் இருக்கிறது, கேலி இருக்கிறது, மட்டமான பாட்டு இருக்கிறது. நமக்குப் புரியாது. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. நமக்காகப் போட்டதில்லை அது.

இங்கேதான் அத்தை கேட்ட கேள்வி எனக்கு உதவுகிறது. யாராண்ட பேசுறா? சமூக ஊடகத்தில் ஒரு மொழி உயிரோடு காட்டப்படுகிறதா, பிணமாகக் காட்டப்படுகிறதா என்று பிரித்தறிய இந்த ஒரு கேள்வி போதும். பேசுகிறவர் தன் ஆளிடம் பேசினால் அது மொழி. நம்மிடம் காட்டுவதற்காக மட்டும் பேசவைக்கப்பட்டால் அது காட்சி. ஒரு மொழிக்குக் குறைந்தது ரெண்டு பேர் வேண்டும். 'கடைசி ஆள்' என்கிற கதையில் நாம் அந்த ரெண்டாவது ஆளின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறோம், பதில் சொல்லத் தெரியாமலே. கேட்டது மாதிரி நினைத்துக்கொள்கிறோம். கேட்கவில்லை. பார்த்தோம், அவ்வளவுதான்.

*

தோழர்களே, சில விஷயங்களை நாம் செய்ய முடியும் என்று நினைக்கிறேன். 'கடைசி' என்கிற சொல்லை விடுவோம். ஸ்ட்ரெயிட் தீவில் ஆட்கள் இருக்கிறார்கள், பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் பாட்டி மொழி செத்துவிட்டது என்று நாம் தீர்ப்பு எழுத வேண்டாம். 'அழிந்தது' என்று எழுதும் இடத்தில் யார் அழித்தார்கள் என்று ஒரு வரி சேர்ப்போம். பாடினவர் பேரைப் போடலாமா என்று அவரிடமே கேட்போம். போடாதே என்றால் போடாமல் இருப்போம். ஜாரவா, சென்டினல் மாதிரி பார்க்காதே என்று சொல்லாமல் சொல்கிறவர்களைப் பார்க்காமல் இருப்போம். பார்க்காமல் இருப்பதும் ஒரு மரியாதை. நம்மைப் பார்க்காதே என்று தெருவை மூடியவர்கள் காட்டிய தீட்டு வேறு. அது மேலிருப்பவன் கீழிருப்பவனிடம் காட்டிய விலக்கு. இது ஒரு மனுஷன் தன் வாசற்படியில் நின்று சொல்கிற வார்த்தை. ரெண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, தோடர் பிள்ளைக்கும் இருளர் பிள்ளைக்கும் முதல் வகுப்பில் அவர்கள் பேச்சிலேயே சொல்லித்தர அவர்கள் ஊரிலிருந்தே ஒரு வாத்தியார் வேண்டும் என்று கேட்போம். காட்டுரிமை கேட்கிறபோது கூட நிற்போம். தமிழுக்காகத் தெருவில் இறங்கத் தெரிந்த நமக்கு இது தெரியாததில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டேன். நான் செய்தது என்ன? அத்தையின் வீடியோவை நாலு பேருக்கு அனுப்பியவன் நான். அந்தத் தலைப்போடு அனுப்பினேன். அது இப்போது எங்கெங்கே சுற்றுகிறது என்று எனக்குத் தெரியாது. திரும்ப எடுக்க முடியாது. அந்த ஒப்பாரி எங்கப்பாவுக்கு வைத்தது. அதில் அவர் பேர் வருகிறது, அவர் பட்ட கடன் வருகிறது, போலீஸ் அடித்தது வருகிறது. அத்தை அவரோடு பேசியது அது. 'அழிந்துவரும் கலை' என்று அதைக் கேட்டவர்களுக்கு அவர் யாரோ.

மறுபடி அத்தையிடம் போய் இதைச் சொன்னேன். அது பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. "போனது போச்சு. நீ ஒண்ணு பண்ணு. அந்த டப்பாவுல இருக்கறத என் பேத்திக்குப் போட்டுக் காட்டு. நடுவுல ஒரு அடி மறந்துபூட்டேன், அவளுக்கு ஞாபகம் இருக்கும்" என்றது.

போட்டுக் காட்டினேன். அந்தப் பெண் பாதியிலேயே நிறுத்தச் சொல்லி, "ஆயா, இங்க தப்பாப் பாடிட்ட" என்று திருத்தினாள். ரெண்டு பேரும் அதற்கு ஒரு மணிநேரம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் போனை அணைத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.